போனவரே திரும்பி வருகிறாரா?

வாசகர் கேள்வி – பதில்

மாதக்கணக்கில் நடந்தும், சைக்கிள் மிதித்தும், பாய்மரப் படகிலும், மலைத்தொடர்களைக் கடந்தும் போகிற நெடும்பயணங்கள் ஒருவருடைய குணத்தை என்ன செய்கின்றன என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எனக்கு முன்கோபம் அதிகம். "ஆறு மாதம் சைக்கிளில் நாடு நாடாகப் போய் வா, ஆளே மாறிவிடுவாய்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பலாமா?
– கணினித் துறை இளைஞர்

பதில்: கோபம் குறைய வேண்டும் என்பது மட்டுமே காரணமென்றால் இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். பயணம் குணத்தை மாற்றும் என்பது உண்மைதான். எந்தக் குணத்தை, எதன் வழியாக மாற்றும் என்று தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

பெரிய மலைக்காட்சியோ, உயிர் தப்பிய ஒரு கணமோ மனிதரை மாற்றுவது குறைவு. களைத்துப்போயிருக்கும் நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்கிற சின்ன வேலைகள்தான் மாற்றுகின்றன. மழையில் டயர் பஞ்சர் ஆகிறது என்று வையுங்கள். முதலில் சாலையை விட்டு ஒதுங்க வேண்டும். மழைச்சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வாய் எதையாவது தின்ன வேண்டும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, புது டியூபைப் போடுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச்சுற்றும் துடைக்க வேண்டும். முள்ளோ கண்ணாடித்துண்டோ இருந்தால் துணி அங்கே சிக்கும். கோபத்தில் இருப்பவர் இந்தக் கடைசி வேலையைத்தான் தாண்டிப் போவார். முள் டயரிலேயே இருக்கும். புது டியூபும் சற்று தூரத்திலேயே காற்றிழக்கும். அவசரத்துக்கான விலை அங்கேயே, உடனே, அவரிடமே வசூலாகிறது. அலுவலகத்தில் உங்கள் கோபத்துக்கான விலையைப் பெரும்பாலும் வேறு யாரோ கொடுக்கிறார்கள், அதனால்தான் அங்கே பாடம் ஏறுவதில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பொருள்கள்மேல் வருகிற எரிச்சல் இப்படிக் குறையும். மனிதர்கள்மேல் வருகிற கோபம், மனிதர்கள் இல்லாத சாலையில் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தனியாகப் போனவர் "நான் சாந்தமாகிவிட்டேன்" என்று நம்பி வந்து, வீடு திரும்பிய இரண்டாம் வாரத்திலேயே பழையபடி கத்துவது இதனால்தான். ஆகவே பாதையில் மூன்றில் ஒரு பங்காவது இன்னொருவருடன் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. ஜெர்மனியில் யூலியா சிம்மர்மன், ஃபிரான்ஸ் நெயர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டில் சில மாதங்கள் தங்கிப் படித்த மாணவர்களை உள்நாட்டிலேயே இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டார்கள். போய்வந்தவர்களிடம் புதியதை ஏற்கும் மனமும் இணங்கிப்போகும் தன்மையும் கூடியிருந்தன, மனப்பதற்றம் குறைந்திருந்தது. அங்கே புதிதாக ஏற்பட்ட நட்புகளே மாற்றத்தின் பெரும்பகுதியை விளக்கின. படிக்கப் போனவர்கள் சாகசப் பயணிகள் அல்லர். இருந்தாலும் பழகிய மனிதர்களைவிட்டுப் புது மனிதர்களிடம் போவதே குணத்தை அசைக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

எதிர் உதாரணமும் உண்டு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968–69-இல் எங்கும் நிற்காமல் தனியாக 312 நாளில் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார். அப்படிச் செய்த முதல் மனிதர் அவர். கிளம்புமுன்னும் திரும்பிய பின்னும் ஒரு மனநல மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரண்டு தடவையும் 'கவலைப்படும் அளவுக்கு இயல்பானவர்' என்றே குறித்தார். உறுதியான குணத்தோடு போகிறவர் அதே குணத்தோடு திரும்பலாம்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது: வேலையை விடாமல், பத்து நாள் விடுப்பில் ஒரு நண்பரோடு இதேபோன்ற பயணம் ஒன்று போங்கள். நாளுக்கு 60 முதல் 80 கிலோமீட்டர், சுமையோடு. எரிச்சல் வந்த ஒவ்வொரு நேரத்தையும் அன்றிரவே குறித்துவையுங்கள். பத்தாம் நாள் பட்டியலைப் பார்த்தால், ஆறு மாதம் உங்களுக்கு உதவுமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள்தான் விடுப்பு. குணம் மாற எத்தனை நாள் பயணம் வேண்டும்?
– வங்கி ஊழியர்

பதில்: நாள் கணக்காகச் சொல்ல முடியாது. கட்டங்களாகச் சொல்லலாம்.

முதல் ஒரு வாரம், பத்து நாள் உடம்பின் காலம். காலும் தோளும் தூக்கமும்தான் பேசும், குணத்துக்கு அங்கே இடமில்லை. நடைப்பயணமானால் முதல் மூன்று நாள் 15 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். தண்ணீரும் உணவும் சேர்த்துச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்த உடனே நின்று, காலணியைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தில் ஒட்டுப்பட்டை போடுங்கள். "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட அந்த அரைமணி நேரத்தில்தான் பெரும்பாலான கொப்புளங்கள் உருவாகின்றன.

அதற்குப் பிறகு எல்லாம் இனிக்கும் ஒரு காலம் வரும். உடம்பு பழகியிருக்கும், ஒவ்வொரு வளைவும் புதிதாக இருக்கும். பயணத்தால் தாங்கள் மாறிவிட்டதாகப் பலர் எழுதுவது இந்தக் கட்டத்தில்தான். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது மகிழ்ச்சி, நல்ல விஷயம்தான், ஆனால் மகிழ்ச்சி வேறு, குணம் வேறு.

மூன்றாவதாக வருவது சலிப்பு. பாதியைத் தாண்டியிருப்பீர்கள், முடிவும் கண்ணில் படாது. பெக்டெல், பெர்னிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் இதற்கு 'மூன்றாம் கால்பகுதி' என்று பெயர் வைத்தார்கள்: தனிமையில் கழியும் காலம் எத்தனை நாளானாலும், பாதி முடிந்த பிறகு மனநிலை சரிகிறது என்பது அவர்கள் கருத்து. பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இது தென்படவில்லை. ஆனாலும் திட்டமிடும்போது நினைவில் வைக்கத்தக்கது. மாற்றம் வேர்பிடிப்பது இங்கேதான், ஏனென்றால் ஆர்வம் வற்றியபின் வேலையைச் செய்யவைப்பது பழக்கம் ஒன்றுதான். 1916-இல் அண்டார்க்டிகாவுக்கு அருகே எலிஃபண்ட் தீவில், கப்பலைப் பனியில் இழந்த ஷாக்கிள்டனின் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த 22 பேர், கவிழ்த்துப்போட்ட இரண்டு படகுகளின் அடியில் நான்கரை மாதம் மீட்புக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் வைல்ட், உதவி தேடிப் படகில் போயிருந்த தலைவர் ஷாக்கிள்டன் இன்று வரக்கூடும் என்று சொல்லிப் படுக்கைகளைச் சுருட்டிக் கட்டச் சொல்வார். ஷாக்கிள்டன் ஆகஸ்ட் 30 அன்று வந்தார். 22 பேரும் உயிரோடிருந்தார்கள்.

பதினைந்து நாளில் இந்த மூன்றாம் கட்டத்தை எட்டவேண்டுமானால் புதுமையைக் குறையுங்கள். பார்க்கவேண்டிய இடங்களை அடுக்காமல் ஒரே நீண்ட பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரம் போடுவது, தண்ணீர் சுத்திகரிப்பது, சமைப்பது எல்லாம் உங்கள் கையாலேயே நடக்கட்டும். ஆண்டுதோறும் அதேபோன்ற பயணத்தைத் திரும்பச் செய்யுங்கள். ஒரே ஒரு ஆறுமாதப் பயணத்தைவிட ஐந்து ஆண்டுகளில் ஐந்து பதினைந்து நாட்கள் சிலருக்கு ஆழமாகப் பதியும் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: உயிருக்கு ஆபத்தான பயணமாக இருந்தால்தான் மனம் திடப்படுமா?
– கல்லூரி மாணவர்

பதில்: இல்லை. நிச்சயமின்மை வேண்டும், ஆபத்து வேண்டியதில்லை. இன்றிரவு எங்கே தங்குவோம் என்று தெரியாமலிருப்பது நிச்சயமின்மை. கயிறில்லாமல் பாறையில் ஏறுவது ஆபத்து. முதலாவதில் தவறினால் அடுத்த நாள் திருத்திக்கொள்ளலாம். திருத்திக்கொள்ள வாய்ப்பில்லாத இடத்தில் பயிற்சி நடக்காது. பெரிய விபத்தில் தப்பியவர்கள் பலர் திடப்படுவதில்லை. தூக்கம் கெட்டு, சத்தத்துக்கு நடுங்கி, நீண்ட நாள் அவதிப்படுகிறார்கள்.

கேள்வி: மலைப்பயணத்தில் என் நெருங்கிய நண்பன் மூன்றாம் நாள் முற்றிலும் வேறு ஆளாகிவிட்டான். பேச்சில்லை, கேட்டால் எரிந்து விழுந்தான், கையிலிருந்ததையெல்லாம் கீழே போட்டான், எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. "மனிதனின் உண்மைக் குணம் மலையில்தான் தெரியும்" என்பார்களே, அப்படித்தானா? இப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: முதலில் நண்பரோடு பேசுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் குணத்தைவிட நோயைத்தான் நினைவூட்டுகின்றன. அன்று நடந்தது என்னவென்று இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் குளிரும் உயரமும் பசியும் மூளையைத் தொடும்போது முதலில் மாறுவது நடத்தைதான். உடன்வருபவர்கள் அதைக் குணக்கேடு என்று எண்ணிக் கோபித்துக்கொண்டு விலகிவிடுவதால் உயிர்கள் போயிருக்கின்றன. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உடல் குளிர்ந்துபோகும் நிலை தொடங்குகிறது. உறைபனி இதற்குத் தேவையில்லை. 10 டிகிரியில் மழையும் காற்றும் நனைந்த உடையும் போதும். அடையாளங்கள் நான்கு: தடுமாறுவது, முணுமுணுப்பது, கைநழுவவிடுவது, எரிந்து விழுவது. நான்கில் இரண்டு தெரிந்தாலே நில்லுங்கள். காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை உடுத்துங்கள். தரைக்கும் உடம்புக்கும் நடுவில் பாய் அல்லது முதுகுப்பையைப் போடுங்கள், தரை வெப்பத்தை மிக வேகமாக உறிஞ்சும். விழுங்கத் தெளிவிருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கூடாது. கைகால்களைத் தேய்க்கக்கூடாது. நடுக்கம் தானாக நின்று, ஆளும் மந்தமானால் அது தேறுவதன் அறிகுறி அல்ல, நிலைமை முற்றியிருக்கிறது. அசைக்காமல் படுக்கவைத்து மீட்புக்குழுவை அழைக்க வேண்டும்.

2,500 மீட்டருக்கு மேலே உயரத்தையும் சந்தேகிக்க வேண்டும். தலைவலியோடு ஒதுங்கிக்கொள்ளுதல், குழப்பம், நடையில் தள்ளாட்டம் சேர்ந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியில் தொடும்படி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் அப்போதே கீழே இறங்கவேண்டும், இரவானாலும் சரி. குறைந்தது 300 முதல் 1,000 மீட்டர் இறக்கி, தெளிவு வரும்வரை தனியே விடாதீர்கள். வராமல் தடுக்கும் வழி: 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒருநாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமலிருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வெடுப்பதும்.

இவை இரண்டும் இல்லையென்றால் பசி. சுமையோடு நாள் முழுக்க நடப்பவருக்கு 3,500 கலோரிக்குக் குறையாமல் தேவைப்படும். பலர் அவ்வளவு சுமந்துசெல்வதில்லை. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். தாமாக முன்வந்த, நல்ல மனத்திடம் உள்ள இளைஞர்கள் அவர்கள். உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தபோது சிடுசிடுப்பும் ஒதுங்கிப்போதலும் உணவைப் பற்றியே ஓயாத நினைப்பும் அவர்களைப் பிடித்துக்கொண்டன. உணவு திரும்பியபின் குணமும் மெல்லத் திரும்பியது. ஒருவர் சிடுசிடுத்தால் பதில் பேசாமல் இனிப்பும் மாவுச்சத்தும் உள்ள எதையாவது கொடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. வெயிலில் உப்பில்லாத தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம் வரும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடிக்கவைத்தால் ஆபத்து. இன்னொன்று, மலேரியாத் தடுப்புக்குத் தரும் மெஃப்ளோகுவின் மாத்திரை. இது சிலருக்குக் கெட்ட கனவு, அச்சம், மனக்கலக்கம் தரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. முன்பு மனநோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். இதையே எடுத்தாக வேண்டுமென்றால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெல்ஜிகா என்ற கப்பல் 1898-இல் அண்டார்க்டிக் பனியில் சிக்கி, ஏறத்தாழ 70 நாள் சூரியனைக் காணாமல் கிடந்தது. மாலுமிகள் சோர்ந்து ஒடுங்கினார்கள், சிலருக்கு மனம் கலங்கியது. கப்பல் மருத்துவர் ஃபிரெடரிக் குக் உபதேசம் செய்யவில்லை. பென்குயின், கடல்நாய்களின் புது இறைச்சியைத் தின்னவைத்தார், தினமும் எரியும் அடுப்பின் முன் நிற்கவைத்தார், பனிமேல் நடக்கவைத்தார். பலர் தேறினார்கள்.

கேள்வி: நானும் மனைவியும் ஓராண்டுப் பயணம் போகிறோம். போய்வந்த பல தம்பதியர் சண்டையோடு திரும்பியதாகக் கேள்விப்படுகிறோம். என்ன முன்னேற்பாடு?
– கட்டடப் பொறியாளர்

பதில்: சண்டைகளில் பெரும்பகுதி நான்கு இடங்களில் வரும்: வேகம், பணம், வேலைப்பங்கீடு, எப்போது திரும்புவது. நான்கையும் கிளம்புமுன் பேசி ஒரு தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில், மெதுவாகப் போகிறவர் முன்னே போவார். முன்னால் போய்க் காத்திருந்து, பின்னால் வருபவர் மூச்சுவாங்க வந்து சேர்ந்த உடனே எழுந்து கிளம்புவது மிகக் கொடிய வழக்கம். ஒருவருக்குப் பத்து நிமிட ஓய்வு, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. பணத்தில், பொதுப்பை ஒன்று, ஆளுக்கொரு சொந்தப்பை. சொந்தப்பைக்குக் கணக்கு கேட்கக்கூடாது. வேலைகளை வாரத்துக்கொருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வழி பார்ப்பது எப்போதும் ஒருவரிடமே இருந்தால் மற்றவர் மெல்ல மெல்லச் சுமையாகிப் போவார், அந்த ஓராண்டில் அவர் குணம் மாறுவது தேய்மானமாகத்தான் இருக்கும். திரும்பும் விஷயத்தில், மேற்கொண்டு போகத் தயங்குகிறவர் சொல்லே முடிவு. யார் பயந்தார் என்று பிறகு குத்திக்காட்டக்கூடாது.

சாப்பிடாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வாரத்தில் அரைநாள் பிரிந்து இருங்கள். ஒரே கூடாரத்தில் ஓராண்டு என்றால் இருவர் கூடாரம் போதாது, மூவர் கூடாரம் வாங்குங்கள். கூடுகிற எடை பெரும்பாலும் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும்.

பெருங்குழுவாகப் போகிறவர்களும் இதைக் கேட்டிருந்தார்கள். ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலைப் பனி நெரித்து, 1915 அக்டோபரில் 28 பேரும் பனிமேல் இறங்கியபோது, ரோமத் தூக்கப்பைகள் 18 தான் இருந்தன, மற்றவை கம்பளி. சீட்டுப் போட்டார்கள். ஆனால் கதகதப்பான ரோமப்பைகள் சாதாரண மாலுமிகளுக்கே போகும்படி அந்தச் சீட்டு அமைந்திருந்தது, அதிகாரிகள் கம்பளியில் படுத்தார்கள். குறை சொல்லக்கூடியவர்களை அவர் தொலைவில் ஒதுக்காமல் தம் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். குழுவின் குணத்தைத் தலைவரின் பேச்சைவிட இத்தகைய பங்கீடுகளே அதிகம் தீர்மானிக்கின்றன.

கேள்வி: பயணம் முழுவதையும் தினமும் காணொளியாகப் போட நினைக்கிறேன். அதனால் பொறுப்புணர்வு கூடுமல்லவா?
– இளம் வாசகி

பதில்: கூடும், அதுதான் கவலையும். பார்க்கிறவர்களுக்குக் கொடுத்த வாக்கு, திரும்ப வேண்டிய இடத்தில் உங்களைத் திரும்ப விடாது. முன்பு சொன்ன நாக்ஸ்-ஜான்ஸ்டன் உலகைச் சுற்றியது ஒரு படகுப் போட்டியில். அதே 1968–69 போட்டியில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் கலந்துகொண்டார். படகு சரியாகத் தயாராகவில்லை. ஆனால் வீடும் தொழிலும் அந்தப் பயணத்தின்மேல் பணயமாகியிருந்தன, செய்தித்தாள்கள் காத்திருந்தன. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய்யான இடங்களைச் சொல்லிவந்தார். 1969 ஜூலை 10 அன்று படகு ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்டது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

எடுத்த காட்சிகளை மூன்று வாரம் தாமதித்து வெளியிடுங்கள். எங்கே முடிப்பீர்கள் என்று முன்கூட்டி அறிவிக்காதீர்கள். விளம்பரதாரர் இருந்தால், பாதியில் நிறுத்தினாலும் பணம் திருப்பித்தர வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அந்தப் பணம் வேண்டாம்.

கேள்வி: மாறியிருக்கிறேனா என்று எனக்கே எப்படித் தெரியும்? நாட்குறிப்பு உதவுமா?
– பள்ளி ஆசிரியை

பதில்: சரியாக எழுதினால் உதவும். பலரும் அழகான நாளில் நான்கு பக்கம் எழுதி, மோசமான நாளில் வெறும் தாளை விட்டுவிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கும்போது பயணமே அழகாகத் தெரியும், மாற்றம் எங்கே நடந்ததென்று தெரியாது.

தினமும் ஒரே கேள்விகளுக்குப் பத்து நிமிடம். இன்று என்ன முடிவெடுத்தேன், எடுத்தபோது எனக்கு என்னென்ன தெரியும்? யார்மேல் அல்லது எதன்மேல் எரிச்சல் வந்தது, அதற்குமுன் கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? எதைத் தள்ளிப்போட்டேன்? யாரிடம் உதவி கேட்டேன், கேட்கத் தயங்கினேனா? இவ்வளவுதான். பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் கரையும், பேனா கடுங்குளிரில் எழுதாது.

கிளம்ப இரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்க வேண்டும், திரும்பி மூன்று மாதம் ஆனபின் இன்னும் இரண்டு வாரம் எழுத வேண்டும். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு துண்டுகளைத்தான். கூடவே, உங்களை நன்றாக அறிந்த மூன்று பேரிடம் உங்கள் பொறுமை, ஒழுங்கு, பிறர் பேச்சைக் கேட்கும் தன்மை ஆகியவற்றுக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி உறையிலிட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அவர்களே மறுபடி எழுதட்டும். அப்போதுதான் பழைய உறையைப் பிரிக்க வேண்டும்.

எழுதுவதே குணத்தை உருவாக்கவும் செய்யும். 1831 டிசம்பர் 27 அன்று பீகிள் கப்பலில் ஏறியபோது சார்லஸ் டார்வினுக்கு 22 வயது. பாதிரியாராகப் போகிறவர் என்று குடும்பம் எண்ணியிருந்தது. கடல்நோய் கடைசிவரை அவரை விடவில்லை. 1836 அக்டோபர் வரை ஏறத்தாழ ஐந்தாண்டு, பார்த்ததைக் குறிப்பதும், சேகரித்ததற்குச் சீட்டு எழுதி ஒட்டுவதும் தொடர்ந்தன. தம் மனத்துக்குக் கிடைத்த முதல் உண்மையான பயிற்சி அந்தப் பயணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

கேள்வி: எட்டு மாதம் நடைப்பயணம் போன என் கணவர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் உட்கார முடியவில்லை. "இவ்வளவு பொருள் எதற்கு?" என்று எல்லாவற்றையும் குறை சொல்கிறார். இரவில் தூங்குவதில்லை. வேலையை விடப்போகிறேன் என்கிறார். இதுதான் அந்த நல்ல மாற்றமா?
– இரண்டு குழந்தைகளின் தாய்

பதில்: இது மாற்றத்தின் நடுப்பகுதி, இதைவைத்து அவரை எடைபோட வேண்டாம். வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களைப் பற்றி 1963-இல் எழுதிய ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும், போன இடத்தில் ஒருமுறை சரியும் மனநிலை வீடு திரும்பியபின் இன்னொருமுறை சரிகிறது என்று காட்டினார்கள். போகும்போது எல்லாரும் கஷ்டத்தை எதிர்பார்க்கிறார்கள். திரும்பும்போது யாரும் எதிர்பார்ப்பதில்லை.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் வெளிச்சத்தில் நடந்த உடம்பு திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் கெடும், பசி மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். காலையில் இரண்டு மணி நேரம் நடக்கட்டும், இரண்டு மூன்று வாரத்தில் அதை ஒரு மணி நேரமாகக் குறைக்கட்டும். முடிந்தால் சில நாள் பிள்ளைகளில் ஒருவரையும் கூட்டிப்போகட்டும்.

பாதையில் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு முடிவோடு முடியும்: இத்தனை கிலோமீட்டர், இந்த இடம், கூடாரம். வீட்டு வேலைக்கு அப்படி முடிவில்லை. எனவே தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழுப்பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டு அழைத்துவருவது, வாரச் சமையலில் மூன்று இரவு, எதுவானாலும் சரி. 'உதவி'யாக அல்ல, முழுக்க அவர் கையில்.

இந்த எட்டு மாதம் நீங்களும் ஒரு நெடும்பயணத்தில் இருந்தீர்கள். தனியாகப் பிள்ளைகளைப் பார்த்து, பணத்தைச் சமாளித்து, அவசரங்களில் முடிவெடுத்திருப்பீர்கள். நீங்களும் மாறியிருக்கிறீர்கள், அதைப் பற்றி யாரும் உங்களைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு மாலை, அவர் கதைக்கு முன்னால் உங்கள் எட்டு மாதத்தை அவர் கேட்கட்டும். புதிதாகப் பெற்ற பொறுமையை அவர் காட்டவேண்டிய முதல் இடம் அது. அவர் போனபோது உங்கள் கைக்கு வந்த முடிவுகளில் எவற்றைத் திருப்பித் தருவீர்கள், எவற்றை வைத்துக்கொள்வீர்கள் என்று அப்போதே பேசிவிடுங்கள்.

வேலையை விடுவது, வீட்டை விற்பது, பொருள்களைத் தானம் செய்வது எல்லாம் மூன்று மாதம் தள்ளிவைக்கப்படட்டும். தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அந்தத் தேதியிலும் அதே எண்ணம் இருந்தால் அது யோசித்த முடிவு, மதித்துப் பேசலாம். ஆனால் தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இன்னும் இரண்டு வாரம் விடாமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழ்வு வெறுத்ததாக ஒரு வார்த்தை வந்தால் அன்றே போக வேண்டும்.

கேள்வி: வயது 61. இனிமேல் போய் என்ன மாறப்போகிறது என்கிறார்கள் பிள்ளைகள்.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

பதில்: குணம் இளமையோடு உறைந்துவிடுவதில்லை, முதுமையிலும் அசைகிறது. கிளம்புமுன் இதயப் பரிசோதனையும் பல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பல்வலி திருப்பி அனுப்பிய பயணிகள் ஏராளம். நான்கு நாளுக்கு ஒரு நாள் முழு ஓய்வு. இறக்கங்களில் முழங்காலைக் காக்க இரண்டு ஊன்றுகோல். உங்கள் வயதில் கடினமானது உதவி கேட்பதுதான். இத்தனை காலம் பிறருக்கு உத்தரவிட்டு வந்தவரென்றால், முன்பின் தெரியாத இளைஞரிடம் "இந்தப் பையைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா?" என்று கேட்பதே உங்களுக்குப் பெரிய மாற்றத்தைத் தரக்கூடும்.

கேள்வி: ஓராண்டு திட்டமிட்ட பயணத்தை நான்காம் மாதமே நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். தோற்றுப்போன உணர்வு போகவில்லை.
– செவிலியர்

பதில்: ஷாக்கிள்டன் 1909 ஜனவரி 9 அன்று தென் துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் இருக்கும்போது திரும்பினார். அதற்குமுன் யாரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. போயிருந்தால் துருவத்தைத் தொட்டிருக்கலாம், உணவு போதாமல் திரும்பும் வழியில் நால்வரும் இறந்திருப்பார்கள். நால்வரும் உயிரோடு வந்தார்கள். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் என்பதால்தான் பின்னால் எண்டூரன்ஸ் ஆட்கள் அவரை நம்பினார்கள்.

நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. அதை இப்போது எழுதுங்கள், எங்களுக்கு அல்ல. நிறுத்திய நாளில் உடல்நிலை, கையிருப்புப் பணம், வானிலை, உடன் வந்தவர் நிலை, எத்தனை நாள் சரியாகத் தூங்கவில்லை, ஒவ்வொன்றையும் ஒரு வரியில். பிறகு, இதே தாளை வேறொருவர் உங்களிடம் கொடுத்து "போகலாமா, நிற்கலாமா?" என்று கேட்டால் செவிலியராக என்ன சொல்வீர்களோ அதைக் கீழே எழுதுங்கள். "நிற்கலாம்" என்று வந்தால் அந்தத் தாளை அடுத்த பயணத் திட்டத்தோடு சேர்த்துவையுங்கள். எந்த அளவு வந்தால் திரும்புவது என்பதற்கான எண்கள் அதில் இருக்கின்றன. "போயிருக்கலாம்" என்று வந்தால், எந்த வரியில் பிசகியது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தூக்கத்தைப் பற்றிய வரியாக இருக்கும். அடுத்த முறை மூன்று இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகே நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.